பைக்கில் ஊர் போய்ச் சேர்வதற்குள் தலைவலி: வலி எங்கே, எப்போது வருகிறது?

"தாம்பரத்தில் வேலை, திருச்சியில் வீடு. மாதம் ஒருமுறை பைக்கிலேயே ஊருக்குப் போய் வருகிறேன். காலை நாலரைக்குக் கிளம்புவேன், உளுந்தூர்பேட்டையில்தான் டிபன். திண்டிவனம் வரும்போதே தலை கனக்க ஆரம்பிக்கிறது. பெரம்பலூர் தாண்டுவதற்குள் மண்டை பிளக்கிறது. வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுப் படுத்தால்தான் அடங்குகிறது. வயது 32, கண்ணாடி போடுவேன், வேறு நோய் எதுவும் இல்லை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் சரியாகுமா, இல்லை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா?" இதுதான் கேள்வி.

கடைசியில் கேட்ட இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். ஸ்கேன் எடுக்க இப்போதே ஓடவும் வேண்டாம். பைக் ஓட்டும் நாளில் மட்டும் வந்து, தூங்கி எழுந்தால் போய்விடும் தலைவலிக்குப் பெரும்பாலும் காரணம் மண்டைக்கு வெளியேதான் இருக்கும். மருத்துவரை உடனே பார்க்க வேண்டிய சில அடையாளங்கள் இருக்கின்றன, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். கழுத்துவலி என்று வருகிறவர்களில் பைக் ஓட்டுகிறவர்கள் நிறைய. நானும் இருபது வருடமாக நெடுந்தூரம் ஓட்டுகிறவன், இதே தலைவலியோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று மெக்கானிக்கிடம் போனால் அவர் உடனே ஸ்பேனரைக் கையில் எடுப்பதில்லை. எந்த கியரில் வருகிறது, கிளட்ச் பிடித்தால் நிற்கிறதா, மேடு ஏறும்போது மட்டுமா என்று கேட்பார். பாதி வேலை அந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடும். தலைவலியும் அப்படித்தான். வலி எந்த இடத்தில் தொடங்குகிறது, கிளம்பி எவ்வளவு நேரத்தில் தொடங்குகிறது, ஹெல்மெட்டைக் கழற்றி எவ்வளவு நேரத்தில் போகிறது. இந்த மூன்றையும் கவனித்துவிட்டாலே காரணம் ஏறக்குறைய பிடிபட்டுவிடும். நீங்கள் இரண்டாவதைச் சொல்லியிருக்கிறீர்கள், மூன்றாவதை அரைகுறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். முதலாவதைச் சொல்லவே இல்லை. நெற்றியா, பொட்டா, பிடரியா, கண்ணுக்குப் பின்னாலா? அடுத்த தடவை தலை கனக்க ஆரம்பித்தவுடன் வண்டியை ஓரங்கட்டி, விரலால் தொட்டுப் பாருங்கள். பெரம்பலூர் வரை விட்டால் மொத்த மண்டையும் வலிக்கும், தொடங்கிய இடம் மறந்துபோகும்.

ஹெல்மெட்டிலிருந்து தொடங்கலாம். இறுக்கமான ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, தலையில் கட்டும் பட்டை போன்றவை அழுத்துவதால் வரும் தலைவலிக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. உலகளவில் பின்பற்றப்படும் தலைவலி வகைப்பாட்டில் அதற்கு இலக்கணமும் வகுத்திருக்கிறார்கள். அழுத்தம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வலி வர வேண்டும், அழுத்துகிற இடத்தில்தான் அதிகமாக வலிக்க வேண்டும், கழற்றி ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியிலேயே நரம்புகள் ஓடுகின்றன. அந்த இடத்தைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் உறுத்துகிறது என்று தெரியும். அதே அழுத்தத்தை ஹெல்மெட் மூன்று மணி நேரம் கொடுத்தால் என்ன ஆகும்?

இதைச் சோதிக்கப் பெட்ரோல் செலவு தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஹெல்மெட்டைப் போட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் டிவி பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. காற்றில்லை, வெயில்லை, சத்தமில்லை, அதிர்வில்லை. அப்படியும் தலை வலித்தால் குற்றவாளி ஹெல்மெட்தான், வேறு விசாரணையே வேண்டாம். கழற்றியதும் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். கன்னத்தில் பதிந்த தடம் சாதாரணம், கன்னப் பஞ்சு அப்படி அழுத்தினால்தான் ஹெல்மெட் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நெற்றி நடுவில் மட்டும் சிவந்த கோடு தெரிந்தால், அல்லது இரண்டு பக்கமும் காதுக்கு மேலே மட்டும் உறுத்தினால், அது உங்கள் தலைக்கான ஹெல்மெட் அல்ல.

கவனியுங்கள், "சைஸ் சின்னது" என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் தவறுகிற இடம் இதுதான். தலைக்கு அளவு மட்டுமல்ல, வடிவமும் உண்டு. மேலிருந்து பார்த்தால் சிலர் தலை ஏறக்குறைய வட்டமாக இருக்கும், சிலர் தலை முன்னும் பின்னும் நீண்டு முட்டை போல இருக்கும். நீண்ட தலையை வட்டமான ஹெல்மெட்டில் நுழைத்தால் நெற்றியிலும் பின்மண்டையிலும் நெருக்கும், பக்கவாட்டில் காலியாக இருக்கும். வட்டத் தலையை நீள ஹெல்மெட்டில் நுழைத்தால் பொட்டு இரண்டும் நசுங்கும். இரண்டிலும் டேப் வைத்து அளந்தால் சுற்றளவு சரியாகவே காட்டும். நான் இரண்டு வருடம் திண்டாடியது இதனால்தான். கடைக்காரர், "புதுசு அப்படித்தான் சார் இருக்கும், போடப் போட லூஸ் ஆயிடும்" என்று சொல்லி அனுப்பினார். கன்னப் பஞ்சு லூஸ் ஆனது உண்மை. நெற்றியில் இருந்த உறுத்தல் கடைசி வரை போகவில்லை. பஞ்சுக்குப் பின்னால் இருப்பது தெர்மகோல் போன்ற கெட்டியான நுரை, அது தலைக்கு ஏற்றபடி அமுங்கிக் கொடுக்காது.

அந்த நுரையைக் கரண்டியால் அழுத்தியோ பிளேடால் சுரண்டியோ இடம் பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விழும்போது நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவே அந்த நுரை அங்கே இருக்கிறது. முன்கூட்டியே நசுக்கிவிட்டால் அந்த இடத்தில் அடியை உங்கள் மண்டை வாங்கும். பல கம்பெனிகள் மெல்லிய கன்னப் பஞ்சு, மெல்லிய உள்துணி என்று தனியாக விற்கின்றன, அதை மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் ஹெல்மெட்டையே மாற்றுவதுதான் வழி. ஆன்லைனில் விலை குறைவாக இருந்தாலும் ஹெல்மெட்டைக் கடையில் போய் வாங்குங்கள். இருபது நிமிடம் போட்டுக்கொண்டு கடையிலேயே நில்லுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹெல்மெட்டை மாற்றுவதற்கு முன் அதற்குள்ளே என்னென்ன இருக்கிறது என்றும் பாருங்கள். வியர்வைக்காகத் தலையில் கைக்குட்டை கட்டுகிறோம், முடிச்சைப் பின்மண்டையில் போடுகிறோம். அந்த முடிச்சு, சரியாகக் கழுத்துத் தசை மண்டையோட்டில் வந்து ஒட்டுகிற இடத்தில் ஒரு கல்லைப் போல உட்கார்ந்துகொள்ளும். பெண்களுக்கு முடி கிளிப், கொண்டை, ரப்பர் பேண்ட் எல்லாம் அதே வேலையைச் செய்யும். ஹெல்மெட் போடும் நாளில் தளர்வான தாழ்ந்த பின்னலே நல்லது. கைக்குட்டைக்குப் பதில், தலையோடு சேர்த்து மூடும், முடிச்சு இல்லாத மெல்லிய துணி மாஸ்க் போதும். ப்ளூடூத் இன்டர்காம் மாட்டியிருக்கிறீர்களா? அதன் ஸ்பீக்கர் காது மடலைத் தொடுகிறதா என்று பாருங்கள். கிளம்பும்போது தெரியாது, ஒரு மணி நேரம் கழித்துக் காது எரிய ஆரம்பித்து, வலி அப்படியே பொட்டுக்கு ஏறும். கண்ணாடிக் கம்பியும் அதே கதைதான். உங்கள் கண்ணாடியின் பக்கக் கம்பி தடிமனாகவோ காதுக்குப் பின்னால் வளைந்தோ இருந்தால், ஹெல்மெட் அதை எலும்போடு சேர்த்து அழுத்தும். மெல்லிய, நேரான கம்பியுள்ள ஒரு கண்ணாடியைப் பைக்குக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

லூசான ஹெல்மெட்டும் தலைவலி தரும். எண்பதைத் தாண்டினால் காற்று அதை மேலே தூக்கும், ஆட்டும், தாடைப் பட்டை கழுத்தை இழுக்கும். ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் தலை ஒரு குலுங்கு குலுங்கும். அதைக் கழுத்துதான் ஓயாமல் பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கழுத்து என்றதும் என் துறைக்கு வந்துவிட்டேன். உங்களுக்கு வலி வீட்டுக்குப் போன பிறகும் போகவில்லை, படுத்தால்தான் அடங்குகிறது என்கிறீர்கள். வெறும் ஹெல்மெட் அழுத்தம் என்றால் கழற்றி ஒரு மணி நேரத்தில் தெளிந்திருக்க வேண்டும். அதனால் ஹெல்மெட்டோடு கழுத்தும் கூட்டு சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். தலையின் எடையே நான்கரை, ஐந்து கிலோ. அதன்மேல் ஒன்றரை கிலோ ஹெல்மெட். எதிர்காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மண்டையோட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே விரல் அளவு கூட இல்லாத சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. மூன்று மணி நேரம் இந்தச் சுமையைப் பிடித்து நிறுத்துவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அவை இறுகினால் வலி பிடரியில் நிற்பதில்லை, பக்கவாட்டில் ஏறி நெற்றிக்கோ கண்ணுக்குப் பின்னாலோ போய் உட்காரும். கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும் முகத்துக்கான நரம்பும் மூளைத்தண்டுப் பகுதியில் ஒரே இடத்தில் சேதி கொண்டுவந்து சேர்க்கின்றன. கழுத்திலிருந்து வந்த சேதியை மூளை, முகத்திலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது. கண்ணில் வலிக்கிறது என்று கண் மருத்துவரைப் பார்த்து, பவர் சரியாக இருக்கிறது என்று திரும்பி வந்தவர்களில் பலருக்குக் கழுத்தைத் தளர்த்தியதும் சரியாகியிருக்கிறது.

இதற்கும் ஒரு சோதனை. வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, பின்மண்டை எலும்பு முடிகிற பள்ளத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்துங்கள். நெற்றியில் இருக்கும் அதே வலி எழுந்தாலோ, கழுத்தை ஒரு பக்கம் திருப்பும்போது வலி கூடினாலோ, கழுத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

கழுத்தைக் கெடுப்பதில் முதலிடம் முதுகுப் பைக்கு. லேப்டாப், சார்ஜர், இரண்டு செட் துணி, அம்மாவுக்கு வாங்கிய ஏதோ ஒன்று, எல்லாம் சேர்ந்து ஏழெட்டு கிலோ தோளில் தொங்கும். தோள்பட்டையிலிருந்து மண்டை வரை போகும் அந்தப் பெரிய தசையை முந்நூறு கிலோமீட்டர் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறோம். பையைப் பின் சீட்டில் வைத்து வலையோ பெல்ட்டோ போட்டுக் கட்டுங்கள். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து தலைவலி போனவர்களை எனக்குத் தெரியும். முதுகுப் பை பின்னால் இழுக்கும்போது உடம்பு தானாக முன்னால் குனியும், பாதையைப் பார்க்கத் தாடையைத் தூக்க வேண்டும், கழுத்து மேலும் மடங்கும். ஹேண்டில்பார் உங்கள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தாலும் இதுவேதான் நடக்கும். அதைச் சற்று உங்கள் பக்கம் திருப்பி வைக்க மெக்கானிக்குக்கு ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம் பிடி. ஹேண்டிலை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறீர்கள்? ஒவ்வொரு டோல்கேட் வரும்போதும் ஒரு தடவை கவனியுங்கள். தோள் காதுக்கு அருகில் ஏறி நிற்கும், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். பல்லைக் கடித்தால் பொட்டில் இருக்கும் தசை இறுகும், அதுவே தனியாக ஒரு தலைவலி. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாக டோல்கேட் இருப்பதால் எனக்கு ஒரு பயன்: ஒவ்வொன்றிலும் தோளை இறக்கு, பல்லை விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பைக்குக்குக் கட்டணம் இல்லை, அந்த மட்டும் லாபம்.

நிறுத்தும்போது செய்யக் கழுத்துக்கு ஒரு எளிய பயிற்சி. நிமிர்ந்து நின்று, தலையைக் குனியாமல் தாடையை மட்டும் பின்னால் இழுத்து, இரட்டைத் தாடை விழுகிற மாதிரி ஐந்து விநாடி வைத்து விடுங்கள். பத்து தடவை. பிறகு தோளை மெதுவாகப் பின்பக்கம் சுழற்றுங்கள். கழுத்தை வட்டமாக வேகமாகச் சுழற்றிச் சொடக்கு எடுக்க வேண்டாம், யாராவது எடுத்துவிடுகிறேன் என்று வந்தாலும் வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்குங்கள். நீங்கள் தாம்பரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை ஒரே மூச்சில் போகிறீர்கள் என்றால் அது நூற்றெழுபது கிலோமீட்டருக்கு மேல். வண்டிக்கு அது ஒன்றுமில்லை, கழுத்துக்கு அதிகம்.

சரி, திண்டிவனத்துக்கு வருவோம். அங்கே ஏன் தொடங்குகிறது? நாலரைக்குக் கிளம்பினால் திண்டிவனம் வரும்போது மணி ஏறக்குறைய ஆறு. நீங்கள் தினமும் எத்தனை மணிக்குக் காபி குடிப்பவர்? முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குக் கடைசி டம்ளர் என்றால், ஆறு மணிக்குப் பதின்மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. நாள்தோறும் நிறையக் காபி, டீ குடித்துப் பழகியவர்களுக்கு அது கிடைக்காவிட்டால் வரும் தலைவலி பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தொடங்கும். குடித்தால் ஒரு மணி நேரத்தில் தணியும். உளுந்தூர்பேட்டையில் டிபனோடு காபி குடித்ததும் கொஞ்சம் தேவலையாக இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால், கிளம்பும்போதே அரை டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். மதியம் இன்னும் நாலு காபி குடித்து ஈடுகட்டாதீர்கள், இரவுத் தூக்கம் போய் அடுத்த நாளும் தலை வலிக்கும்.

வெறும் வயிறும் இதோடு சேரும். முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் காலை ஏழரைக்கு இட்லி என்றால் பதினொன்றரை மணி நேரப் பட்டினி. இரண்டு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ போட்டுக்கொண்டு கிளம்பினால் போதும்.

தண்ணீரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. பைக்கில் போகும்போது வியர்ப்பது தெரியாது, காற்று அடித்து உலர்த்திவிடும். சட்டை நனையவில்லையே என்று நினைப்போம், கழற்றிப் பார்த்தால் உப்புப் பூத்திருக்கும். கத்திரி வெயிலில் இன்னொரு சிக்கல். காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால், அதாவது சுமார் 35 டிகிரிக்கு மேல் போய்விட்டால், எதிர்காற்று உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதில் சூட்டை ஏற்றும். வியர்வை ஒன்றுதான் குளிர்ச்சி தரும், அதற்குத் தண்ணீர் வேண்டும். வேகமாகப் போனால் காற்று வரும் என்பதெல்லாம் அப்போது எடுபடாது. நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு டம்ளராவது குடியுங்கள். வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் நீர்மோர், இளநீர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். வழியில் கழிப்பறை சரியாக இருக்காது என்று வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாகப் பெண்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய பெட்ரோல் பங்க், பெரிய ஓட்டல் எது சுத்தமாக இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த பயணத்தில் தைரியமாகக் குடிக்கலாம்.

சத்தத்தை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. முகம் முழுக்க மூடிய ஹெல்மெட்டுக்குள்ளும் எண்பது, நூறு வேகத்தில் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். என்ஜின் சத்தமே அதில் அமுங்கிப்போகும். தொழிற்சாலைகளில் 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று அமெரிக்கத் தொழில்நலக் கழகம் வரம்பு சொல்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான் வருகிறது. நாம் மூன்று, நான்கு மணி நேரம் கேட்கிறோம். வண்டியை விட்டு இறங்கியதும் காதில் "ஙொய்" என்று கேட்கிறதா? அது காது கெடுவதன் முன்னறிவிப்பு. அந்த இரைச்சலுக்குள் உடம்பு முழுக்க விறைத்துக்கொண்டே இருக்கும், தலை கனப்பதற்கு அதுவும் ஒரு பங்கு. மருந்துக்கடையில் விற்கும் நுரைக் காதடைப்பான் மிக மலிவு. உருட்டி, காது மடலை மேலே இழுத்து உள்ளே விட்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஹாரன் கேட்குமா என்று பயப்படுவீர்கள். கேட்கும், சொல்லப்போனால் காற்றிரைச்சல் குறைவதால் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஆனால் ஊருக்குள் நுழையும்போது எடுத்துவிடுவதே நல்லது. நான் சொல்வது பாட்டு கேட்கும் இயர்போனை அல்ல. அது இரைச்சலுக்கு மேல் இன்னொரு இரைச்சல்.

வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்கச் சின்ன வைசர் கண்ணாடி பொருத்தியிருந்தால் இதையும் பாருங்கள். சில கண்ணாடிகள் காற்றை நெஞ்சிலிருந்து விலக்கிச் சரியாக ஹெல்மெட்டின் மேல் கொண்டுபோய்ப் போடும். காலியான சாலையில், நிதானமான வேகத்தில், ஒரு நொடி தலையைச் சற்றுத் தாழ்த்திப் பாருங்கள். ஆட்டமும் சத்தமும் சட்டென்று குறைந்தால் அந்தக் கண்ணாடியின் உயரம்தான் பிரச்சினை.

கண்ணுக்கு வருகிறேன். கீறல் விழுந்த ஹெல்மெட் வைசர் வழியாக விடியற்காலையில் எதிர் விளக்குகளைப் பார்த்தால் ஒவ்வொரு விளக்கும் நட்சத்திரமாகச் சிதறும். கண்ணை இடுக்கி இடுக்கியே நெற்றி வலிக்கும். திருச்சி சாலையில் நடுவில் அரளிச் செடி இருக்கிற இடங்களில் தப்பிக்கலாம், செடி காய்ந்துபோன இடங்களில் முடியாது. வைசரை மாற்றச் சில நூறு ரூபாய்தான். கண் பரிசோதனை செய்து ஒரு வருடம் ஆகியிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது: ஹெல்மெட் மாட்டும்போது கண்ணாடி கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கும், அதைச் சரிசெய்யாமலே ஓட்டிக்கொண்டிருப்போம். நாற்பது தாண்டி, மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று ஒரே கண்ணாடியில் போடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. உங்கள் பாதை தெற்கே போவதால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்காது. மாலையில் சென்னையிலிருந்து வேலூர்ப் பக்கம் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் சூரியன் நேர் எதிரே நிற்கும்.

லாரிப் புகை தலைவலி தருமா என்றால் தரும், நெரிசலில் நின்று நின்று போகும்போது. திறந்த நெடுஞ்சாலையில் அதற்கு வாய்ப்புக் குறைவு. லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

வலி ஒரு பக்கமாக, விண் விண் என்று தெறித்து, குமட்டலும் வந்து, வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமல் இருட்டறையில் படுக்கச் சொல்கிறதா? அப்படியானால் கதை வேறு. அது ஒற்றைத் தலைவலி. பைக் ஓட்டாத நாட்களிலும் எப்போதாவது வந்திருக்கும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ கூட இருக்கலாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பயணம் நோயைத் தருவதில்லை, தூங்கிக் கிடக்கும் நோயைத் தட்டி எழுப்புகிறது. தூக்கக் குறைவு, பட்டினி, வெயில், ஹெல்மெட் அழுத்தம் எல்லாமே அதற்குத் தீனி. இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரைப் பார்த்து வாங்க வேண்டும். கண்ணில் மின்னல் கோடுபோல நெளிவு தெரிய ஆரம்பித்தால் உடனே வண்டியை நிறுத்திவிடுங்கள், அது அடங்கும் வரை ஓட்டாதீர்கள்.

மாத்திரை பற்றி. எப்போதாவது ஒரு பாராசிட்டமால் போடுவதில் தவறில்லை. வெயிலில் காய்ந்து, தண்ணீர் குடிக்காமல், வெறும் வயிற்றில் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளைப் போடாதீர்கள், சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கெடுதல். சளிக்கும் தலைவலிக்கும் சேர்த்துக் கொடுக்கிற கூட்டு மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி எடுக்கவே கூடாது. மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போடுகிற நிலை மாதக்கணக்கில் நீடித்தால் மாத்திரையே தலைவலியைத் தர ஆரம்பிக்கும். தைலம் தடவுவது அவரவர் விருப்பம். ஆனால் தடவிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டி வைசரை மூடினால் கண் எரிந்து பாதை தெரியாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

வேறு நோய் எதுவும் இல்லை என்கிறீர்கள். பி.பி. எப்போது பார்த்தீர்கள்? கொஞ்சம் ஏறியிருக்கும் ரத்த அழுத்தம் பெரும்பாலும் தலைவலி தராது, அதனாலேயே பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. முப்பது தாண்டியவர் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது எப்படியும் நல்லது.

இனி, மருத்துவரிடம் போக வேண்டிய அடையாளங்கள். இடி விழுந்ததுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, வாழ்க்கையிலேயே இப்படி வலித்ததில்லை என்று தோன்றும் வலி, கை கால் ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. இவற்றில் எது வந்தாலும் வீட்டில் படுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சமீபத்தில் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், சின்ன அடியே ஆனாலும், சில நாள் அல்லது சில வாரம் கழித்து வரும் தலைவலியையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சேர்வது உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, இருமினாலும் முக்கினாலும் கூடும் வலி, வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே போகும் வலி, இவையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. உங்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் சரியாகுமா என்று கேட்டீர்களே, ஹெல்மெட் தலைவலி மட்டும் போகலாம். உலக அளவில் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, விபத்தில் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பை ஹெல்மெட் ஏறக்குறைய 69 சதவீதமும், சாவதற்கான வாய்ப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்று 2008-இல் சொன்னது. நெடுஞ்சாலையில் நாய் ஒன்று குறுக்கே வருவதற்கு அரை நொடி போதும்.

வரும் மாதம் கிளம்புவதற்கு முன் டிவி சோதனையைச் செய்துவிடுங்கள். அதில் வலி வந்தால் ஹெல்மெட்டை மாற்றாமல் ஊருக்குக் கிளம்ப வேண்டாம், அந்த ஒரு தடவை பஸ்ஸில் போங்கள். வலி வராவிட்டால் முதல் பயணத்தில் பையை மட்டும் பின்சீட்டுக்கு மாற்றி, மேல்மருவத்தூரில் ஒருமுறை இறங்குங்கள். அதற்கடுத்த பயணத்தில் கிளம்பும்போதே காபியும் வாழைப்பழமும். அதற்கடுத்து காதடைப்பான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் தலைவலி போகலாம், எதனால் போனது என்று தெரியாது, பிறகு ஒவ்வொன்றாக மறந்து பழையபடி வந்து நிற்பீர்கள். போனில் மூன்றே வரி எழுதி வையுங்கள்: எந்த ஊரில் தொடங்கியது, தலையில் எந்த இடம், கழற்றி எவ்வளவு நேரத்தில் போனது. மூன்று பயணத்துக்குப் பிறகும் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் வலி வந்தால் அந்தக் குறிப்போடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ஹெல்மெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.